பஞ்சாயத்தின் புதிய முத்திரை: டிஜிட்டல் கையொப்பமும் இரகசியச் சாவியும்

சந்தைக்கு மிளகாயோ பருத்தியோ கொண்டு செல்லும் உழவர், வியாபாரியின் தராசைப் பார்க்கிறார், எடைக்கல்லையும் பார்க்கிறார். கல்லின்மேல் சர்க்கார் முத்திரை இருக்கக் கண்டால் அவர் மனம் அமைதி கொள்கிறது. அந்த வியாபாரியை அவர் முன்பின் அறிந்திரார். அந்தக் கல் சரியானதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறு கல்லும் இல்லை. ஆயினும் நம்புகிறார். ஏன்? முத்திரை ஆய்வாளர் ஒருவர் அக்கல்லைச் சோதித்து முத்திரையிட்டிருக்கிறார். ஆய்வாளரிடம் உள்ள அளவுக்கல், அதனினும் மேலான அளவுக்கல்லோடு ஒப்பிடப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, நாடு முழுமைக்கும் பொதுவான மூல அளவு ஒன்று காக்கப்பட்டு வருகிறது. உழவர் நம்புவது வியாபாரியை அன்று. இந்த ஏற்பாட்டையே நம்புகிறார்.

இன்று கொடுக்கல் வாங்கல்கள் பல, கணினி வழியாகவும் கைபேசி வழியாகவும் நடைபெறுகின்றன. பஞ்சாயத்தின் மானியப் பணம் கணினியின் ஆணையால் ஒப்பந்தக்காரரின் வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய மின்னணு வேளாண் சந்தையில் விளைபொருள் ஏலம் கணினி வழியே நிகழ்கிறது. இங்கே முகம் தெரிவதில்லை. கல்லும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அப்படியாயின் நம்பிக்கைக்கு அடிப்படை யாது? இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். அறியாமையால் நேரும் இழப்பு கணினிக்கு அன்று, நமக்கே ஆகும்.

மூன்று கேள்விகள்

தொலைவிலிருந்து வரும் எந்தக் கடிதத்தைக் குறித்தும் மூன்று கேள்விகள் எழும். இதனை உண்மையிலேயே எழுதியவர் யார்? வரும் வழியில் எவரேனும் இதில் ஓர் எழுத்தையேனும் மாற்றினரா? இடையில் வேறு யாரேனும் இதனைப் படித்தனரா? காகிதக் கடிதத்தில் இவற்றுக்கு விடையாக அமைந்தவை கையொப்பம், அடித்தல் திருத்தல் இல்லாமை, அரக்கு முத்திரையிட்ட உறை என்னும் மூன்றுமாம். கணினிக் கடிதத்துக்கும் இம்மூன்றும் தேவை. கையொப்பமும் திருத்தமின்மையும் டிஜிட்டல் கையொப்பத்தால் கிடைக்கின்றன. உறையின் வேலையை மறையாக்கம் செய்கிறது. இவை யாவும் 'சாவி' என்று சொல்லப்படும் மிகப் பெரிய எண்களைக் கொண்டே நடைபெறுகின்றன.

ஒரு பூட்டுக்கு இரண்டு சாவிகள்

பழங்கால முதல் இரகசியச் செய்தி அனுப்புவோருக்கு ஓர் இடர்ப்பாடு இருந்து வந்தது. அனுப்புவோரும் பெறுவோரும் ஒரே சாவியை வைத்திருக்க வேண்டும். அந்தச் சாவியை மற்றவருக்கு எப்படிக் கொண்டு சேர்ப்பது? வழியில் அது களவு போனால் எல்லாம் போயிற்று. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். மறு ஆண்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்னும் மூவர் அக்கருத்துக்கு முழு வடிவம் கொடுத்தனர். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துக்களால் அம்முறை ஆர்.எஸ்.ஏ. என வழங்குகிறது.

இதன் கருத்தை விளக்கக் கோவில் உண்டியலே போதும். உண்டியலில் காசு போட யாருக்கும் சாவி வேண்டுவதில்லை. மேலே உள்ள துவாரம் எல்லோருக்கும் பொது. ஆனால் உள்ளே விழுந்ததை வெளியே எடுக்கச் சாவி உடையவரால் மட்டுமே இயலும். அதுபோல ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று பொதுச் சாவி. அதனை ஊரறிய வெளியிடலாம். மற்றொன்று அந்தரங்கச் சாவி. அது உடையவரிடமே இருத்தல் வேண்டும். பொதுச் சாவியால் பூட்டியதை அந்தரங்கச் சாவி ஒன்றே திறக்கும்.

பொதுச் சாவியை அறிந்தவர் அந்தரங்கச் சாவியைக் கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று கேட்கலாம். 89-ஐயும் 97-ஐயும் பெருக்கினால் 8,633 வரும்; இதைப் பள்ளிச் சிறுவன் நொடியில் சொல்வான். ஆனால் 8,633 என்ற எண்ணை மட்டும் கொடுத்து, எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேட்டால் அவன் வெகுநேரம் திகைப்பான். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். இன்று வழக்கிலுள்ள ஆர்.எஸ்.ஏ. சாவியின் எண் 617 இலக்கங்கள் கொண்டது. அதனைப் பிரித்தறிய இன்றுள்ள கணினிகளால் இயலவில்லை. இதுவே இம்முறையின் காவல்.

கணினி வழி டெண்டரில் இதன் பயனைக் காணலாம். ஒப்பந்தக்காரர் தம் விலைப்புள்ளியை அனுப்பும்போது, டெண்டர் திறக்க அதிகாரம் பெற்ற அலுவலர்களின் பொதுச் சாவியால் அது பூட்டப்படுகிறது. குறித்த நாளும் நேரமும் வந்து, அந்த அலுவலர்கள் தத்தம் அந்தரங்கச் சாவியைப் பயன்படுத்தினால்தான் அது திறக்கும். முன்னாளில் அரக்கு முத்திரையிட்ட உறையை ஆவி பிடித்துப் பிரித்துப் பார்த்ததாகக் கேள்விப்பட்டதுண்டு. அந்தச் சூழ்ச்சிக்கு இங்கே இடமில்லை.

கையொப்பம் ஆகும் விதம்

கையொப்பமிடும்போது இந்தச் சாவிகள் தலைகீழாக வேலை செய்கின்றன. முதலில் கணினி, ஆவணம் முழுவதையும் ஒரு கணக்கில் இட்டுச் சுருக்கி, ஒரே நீளமுள்ள சுருக்க எண் ஒன்றை எடுக்கிறது. இன்றைய முறையில் அது பூஜ்யமும் ஒன்றுமாக 256 இலக்கங்கள் கொண்டது. ஆவணம் ஒரு பக்கமாயினும் நூறு பக்கமாயினும் சுருக்க எண்ணின் நீளம் ஒன்றே. ஆனால் ஆவணத்தில் ரூ.5,000 என்பதை ரூ.50,000 என்று ஒரு பூஜ்யம் கூட்டினாலும், சுருக்க எண் முற்றிலும் வேறாகிவிடும். இந்தச் சுருக்க எண்ணைக் கையொப்பமிடுவோரின் அந்தரங்கச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பதே டிஜிட்டல் கையொப்பம்.

பெறுபவர் என்ன செய்கிறார்? கையொப்பமிட்டவரின் பொதுச் சாவியைக் கொண்டு அதனைச் சரிபார்க்கிறார். கருவூலத்திலும் வங்கியிலும் நம் மாதிரிக் கையொப்பத்தை வைத்துக் காசோலையை ஒப்பிடுவதில்லையா? பொதுச் சாவி அத்தகைய மாதிரியே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பேனாவால் இடும் கையொப்பம் எல்லாத் தாளிலும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே பார்த்து எழுதிவிடலாம். டிஜிட்டல் கையொப்பமோ ஆவணத்துக்கு ஆவணம் மாறும். ஒரு பட்டியலுக்கு இட்ட கையொப்பத்தை வெட்டி எடுத்து இன்னொரு பட்டியலில் ஒட்ட முடியாது. கையொப்பமிட்ட தாளின் படத்தைக் கைபேசியில் அனுப்புவதை டிஜிட்டல் கையொப்பம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு; அது வெறும் படமே.

சான்றிதழ் என்பது யாது?

இனி முக்கியமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. 'இது இன்னார் பஞ்சாயத்துத் தலைவரின் பொதுச் சாவி' என்று ஒருவர் ஓர் எண்ணைக் கொடுத்தால், அது அவருடையதே என்பதற்கு அத்தாட்சி என்ன? யாரோ ஒரு மோசடிக்காரர் தம் சாவியைத் தலைவரின் பெயரால் கொடுத்துவிட்டால் என்னாகும்? இங்கேதான் நாம் தொடக்கத்தில் கூறிய முத்திரை ஆய்வாளர் வருகிறார்.

டிஜிட்டல் சான்றிதழ் என்பது, ஒருவரின் பெயரையும் அவருடைய பொதுச் சாவியையும் பிணைத்துத் தரும் அத்தாட்சியாகும். அதில் செல்லுபடியாகும் காலமும் குறிக்கப்பட்டிருக்கும். அதனை வழங்குவோர் சான்றளிப்பு நிறுவனங்கள். விண்ணப்பித்தவரின் அடையாளத்தைச் சோதித்தறிந்து, சான்றிதழில் தம் சொந்த டிஜிட்டல் கையொப்பத்தை இட்டு வழங்குகின்றனர். நம் நாட்டில் இந்நிறுவனங்களுக்கு உரிமம் அளிப்பவர் மத்திய சர்க்காரின் சான்றளிப்பு அதிகாரிகளின் கட்டுப்பாட்டாளர் ஆவார். இந்தியாவின் மூலச் சான்றளிப்பு அவர் பொறுப்பில் உள்ளது. எடைக்கல், ஆய்வாளர், மூல அளவு என்னும் வரிசை இங்கும் அப்படியே அமைந்திருப்பதைக் காணலாம். எடைக்கல்லுக்குக் காலந்தோறும் மறு முத்திரை வேண்டியிருப்பது போலச் சான்றிதழையும் காலம் முடியுமுன் புதுப்பித்தல் வேண்டும்.

பஞ்சாயத்து அலுவலகங்களில் 'டி.எஸ்.சி.' என்றும் 'டோங்கிள்' என்றும் வழங்கப்படுவது, இந்தச் சான்றிதழையும் அந்தரங்கச் சாவியையும் தாங்கிய சிறு கருவியாகும். விரல் அளவே உள்ள இக்கருவிக்குள்ளேயே அந்தரங்கச் சாவி உண்டாகிறது. அதனை வெளியே எடுக்க இயலாத வண்ணம் கருவி அமைக்கப்பட்டுள்ளது. கருவி கையில் இருந்தாலும் கடவுச்சொல் இன்றி வேலை செய்யாது. தவறான கடவுச்சொல்லைப் பலமுறை இட்டால் தானே பூட்டிக்கொள்ளும். 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் நிறுத்தப்பட்டு, கடுமையான சோதனைக்குப் பின் தரப்படும் மூன்றாம் வகுப்புச் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன.

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் அமைப்பில், நிதிக்குழு மானியத்திலிருந்து பணம் வழங்கும் ஆணை, அதிகாரம் பெற்ற இருவரின் டிஜிட்டல் கையொப்பங்களோடு பொது நிதி மேலாண்மை அமைப்பு வழியாக வங்கிக்குச் செல்கிறது. உழவர் உற்பத்தியாளர் கம்பெனி நடத்தும் விவசாயிகளும், கம்பெனிப் பதிவாளருக்கு அறிக்கை அனுப்ப இதே சான்றிதழைப் பயன்படுத்துகின்றனர்.

வங்கித் தளத்தைத் திறக்கும்போது

சான்றிதழ் மனிதருக்கு மட்டும் உரியதன்று, இணையதளங்களுக்கும் உண்டு. நாம் வங்கியின் தளத்தைத் திறந்த மாத்திரத்தில், அது தன் சான்றிதழை நீட்டுகிறது. அதிலுள்ள பெயர் நாம் அழைத்த பெயர்தானா, காலம் கடந்ததா, நம்பத்தக்க நிறுவனம் கையொப்பமிட்டதா என்று நம் கைபேசி தானே சோதிக்கிறது. பின்னர் இருபுறமும் சில எண்களைப் பரிமாறி, அவ்வேளைக்கு மட்டுமே உரிய இரகசியச் சாவி ஒன்றை உண்டாக்கிக்கொள்கின்றன. அதன் பிறகு செல்லும் கடவுச்சொல்லும் கணக்கு எண்ணும் அந்தச் சாவியால் பூட்டப்பட்டே செல்கின்றன. இரட்டைச் சாவிக் கணக்கு மெதுவாக நடப்பது. ஆகவே அறிமுகத்துக்கு அதனையும், பேச்சு முழுமைக்கும் வேகமான ஒற்றைச் சாவியையும் பயன்படுத்துகிறார்கள். இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகின்றன.

ஆனால் ஓர் எச்சரிக்கை. முகவரியின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று இருப்பது, வழி பாதுகாப்பானது என்பதை மட்டுமே காட்டும். எதிரில் இருப்பவர் யோக்கியர் என்பதைக் காட்டாது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றித் தமக்கெனப் பெயர் பதிந்துகொண்ட மோசடிக்காரரும், அந்தப் பெயருக்குச் சான்றிதழ் வாங்கிவிடலாம். பூட்டுச் சின்னத்தைக் கண்டதும் தளமே நம்பத்தக்கது என்று மக்கள் எண்ணிவிடுவதால், 2023-இல் குரோம் உலாவி அச்சின்னத்தை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே பெயரை எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். சர்க்கார் தளங்களின் முகவரி பெரும்பாலும் 'டாட் கவ் டாட் இன்' என்று முடியும். நம் நாட்டு வங்கிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறவேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டுச் செல்வதை விடுத்து, முகவரியை நாமே இட்டுச் செல்வது நன்று.

முத்திரையிடுவோரிடமே பிழை நேர்ந்தால்

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது? நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்றொரு சான்றளிப்பு நிறுவனம் இருந்தது. 2011-ஆம் ஆண்டின் நடுவில் அந்நியர் அதன் கணினிகளுக்குள் நுழைந்து, கூகுள் முதலிய பெயர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினர். ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சல்களை ஒற்றுப் பார்க்க அவை பயன்பட்டன. ஆகஸ்டு இறுதியில் செய்தி வெளியானதும், உலாவிகளை ஆக்குவோர் அந்நிறுவனத்தின் முத்திரையை ஏற்பதை நிறுத்தினர். செப்டம்பரில் அது திவாலாயிற்று. இதில் ஒன்று கவனிக்கத்தக்கது. அங்கே எவரும் 617 இலக்க எண்ணைப் பிரித்துவிடவில்லை, கணக்கு தோற்கவில்லை. சாவியைக் காக்க வேண்டியவர் காக்கத் தவறினார், அவ்வளவே.

நம் வட்டாரத்தில் கண்டது

இதே பாடத்தை நாம் நம் வட்டாரத்திலும் கற்க நேர்ந்தது. ஒரு பஞ்சாயத்தில் குடிநீர்க் குழாய்கள் வாங்கியதாக ரூ.48,600 வழங்கப்பட்டிருந்தது. பஞ்சாயத்துக் கூட்டத்தில் வார்டு அங்கத்தினர் ஒருவர் எழுந்து, பாதிக் குழாய்களே வந்துள்ளனவே என்று கேட்டார். பதிவேட்டைப் பார்த்தோம். பணம் வழங்கிய ஆணையில் தலைவி, துணைத் தலைவர் ஆகிய இருவரின் டிஜிட்டல் கையொப்பங்களும் நாள், நேரத்தோடு இருந்தன.

"ஐயா, அன்று நான் ஊரிலேயே இல்லையே! மகள் பிரசவத்துக்குப் போயிருந்தேன். இதில் என் கையெழுத்து எப்படி வரும்?" என்று தலைவி அம்மையார் கலங்கினார்.

"கையெழுத்து உங்களுடையதுதான் அம்மா, இட்டவர்தான் நீங்கள் இல்லை" என்று சொல்ல நேர்ந்தது.

விசாரித்ததில், இருவருடைய டோங்கிள்களும் மாதக்கணக்கில் ஒரு தனியார் கணினிக் கடையின் மேசை அறையில் கிடந்தது தெரிந்தது. கடவுச்சொல் ஒரு சிறு சீட்டில் எழுதி அதனோடு ஒட்டப்பட்டிருந்தது. பொருள் முழுதும் வருமுன்பே கடைப் பையன் ஆணையை முடித்துவிட்டான். வியாபாரி எஞ்சிய குழாய்களைப் பின்னர் இறக்கிவிட்டார், பணம் வீணாகவில்லை. ஆனால் விளக்கம் எழுதித் தர வேண்டியவர் கடைக்காரர் அல்லர், அம்மையாரே. பொதுவாழ்வில் நாணயத்தோடு இருந்தவர், தாம் செய்யாத செயலுக்குக் கிராம சபையில் எழுந்து நின்று பதில் சொன்னார்.

குற்றம் அவருடையது மட்டும் அன்று. டோங்கிள் வழங்கிய நாளில், "கணினி தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்து வையுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொன்னவர்கள் நம் அலுவலகத்தாரே. கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தை யாரிடமாவது கொடுத்து வையுங்கள் என்று நாம் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டோம். இரண்டும் ஒன்றே என்பதை நாமே உணரவில்லை. அதன் பின்னர், தலைவரும் துணைத் தலைவரும் தத்தம் கையால் ஒரு பட்டியலுக்கேனும் கையொப்பமிட்டுப் பழகாமல் எவரும் பயிற்சியிலிருந்து எழுந்து செல்வதில்லை என்று வழக்கப்படுத்தினோம். அந்த அம்மையாரே முதலில் கற்றுக்கொண்டார். கால்மணி நேரம்தான் பிடித்தது.

சட்டம் கூறுவது

2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம், டிஜிட்டல் கையொப்பத்துக்குக் கைக்கையொப்பத்தின் மதிப்பை அளிக்கிறது. அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அந்தரங்கச் சாவியைத் தம் வசத்தில் வைத்துக் காக்கும் கடமையைச் சான்றிதழ் உடையவர்மீதே சுமத்துகிறது. சாவி பிறர் கைக்குப் போயிற்று என்று தெரிந்தால் தாமதமின்றிச் சான்றளிப்பு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கும் வரை பொறுப்பு அவருடையதே. பிறருடைய மின்னணுக் கையொப்பத்தை வஞ்சகமாகப் பயன்படுத்துவோருக்கு, 66-சி பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கைக்கொள்ள வேண்டியவை

பின்வருவனவற்றை ஒவ்வொரு பஞ்சாயத்தும் வழக்கமாகக் கொள்ளுதல் நலம்.

1. டோங்கிள் யாருடைய பெயரில் உள்ளதோ அவரிடமே இருக்க வேண்டும். செயலரிடமோ கணினிக் கடையிலோ விட்டு வைத்தலாகாது. இருவருடையதும் ஒரே இடத்தில் இருத்தல் கூடவே கூடாது. இருவர் கையொப்பம் என்னும் ஏற்பாட்டின் நோக்கமே அதனால் கெடும்.

2. கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி ஒட்டி வைக்கலாகாது. முதலில் தரப்பட்ட கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட வேண்டும்.

3. பட்டியலைப் படித்து, அளவுப் புத்தகத்தோடும் வந்த பொருளோடும் ஒப்பிட்ட பின்பே கையொப்பமிட வேண்டும். படிக்கத் தடுமாறுவோர், நம்பிக்கைக்குரிய ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டு, தம் கையாலேயே கடவுச்சொல்லை இடலாம்.

4. வேலை முடிந்ததும் டோங்கிளைக் கணினியிலிருந்து உடனே எடுத்துவிட வேண்டும்.

5. டோங்கிள் தொலைந்தாலும், பிறர் பயன்படுத்தியதாக ஐயம் தோன்றினாலும், அன்றே சான்றிதழை ரத்து செய்யக் கோரி எழுத வேண்டும். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ரத்தான சான்றிதழ்களின் பட்டியலில் அது சேர்ந்த பின், அதனால் இடப்படும் கையொப்பம் ஏற்கப்படாது.

6. தலைவரோ துணைத் தலைவரோ பதவி விலகினாலும் மாறினாலும், பழைய சான்றிதழின் பதிவை நீக்கிய பின்பே புதியதைப் பதிய வேண்டும்.

7. சான்றிதழின் காலம் முடியும் நாளைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வைத்தால், கடைசி நாளில் பணம் வழங்க இயலாமல் திண்டாட நேராது.

8. விவசாயிகள், கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணையும் அந்தரங்கச் சாவியைப் போலவே காக்க வேண்டும். வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்டு யார் கேட்டாலும் சொல்லலாகாது. உண்மையான வங்கியார் அதைக் கேட்பதில்லை.

உலகத்து அறிஞர்கள் கூடி ஆக்கிய பூட்டு இது. அதனை உடைப்பது அரிது. ஆனால் எத்துணை வலிய பூட்டாயினும், சாவியைக் கதவிலேயே விட்டு வந்தவருக்கு அது காவல் ஆகாது. களஞ்சியத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உறங்கிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியிருந்ததில்லை. பஞ்சாயத்தின் பணம் ஊராரின் பணம். அதன் சாவியையும் அவ்வண்ணமே காப்போமாக.